துண்டுக்குள் நாலு விரல்

பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியவர் வடசேரிச் சித்தப்பா. விசேஷ வீடுகளில் கோபித்துக்கொள்வதற்கென்றே பிறந்தவர் அவர். அடுத்து சித்தி, அடுத்து வெற்றிலைத் தாம்பாளம், அதற்கும் பின்னால் எங்கள் வகையறா முழுக்க வேட்டியையும் சேலையையும் உதறிக்கொண்டு இறங்கிக்கொண்டே இருந்தது.

இடம் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு. கீழே பலசரக்கு மொத்தக் கடை, மேலே வீடு. கடைக்குள் நல்லமிளகும் சுக்கும் மணத்தன. மாடியிலிருந்து பப்படம் பொரிக்கிற வாசனை வந்தது. பெண்ணின் தகப்பனார் சந்தனக் கிண்ணம் வைத்த மேசையருகே நின்று, "வாருங்கோ, வாருங்கோ" என்று ஒவ்வொருவரையும் கும்பிட்டார்.

கும்பிட்டுக்கொண்டே அவர் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. உதடு அசைந்தது. பத்து ஆள் இறங்கும்வரை முகத்தில் சிரிப்பு இருந்தது. பதினொன்றாவது ஆள் இறங்கியபோது அது நின்றுவிட்டது. இருபதைத் தாண்டியதும் கூப்பிய கையைக் கீழே இறக்கவே மறந்துபோனார். பஸ்ஸில் இன்னும் பாதிப் பேர் இருந்தார்கள்.

அன்றைக்கு நிச்சயதாம்பூலம். மாப்பிள்ளை நான். மேலே பத்துப் பேருக்குத்தான் சோறு வெந்திருக்கிறது என்பதும், அது ஏன் என்பதும், அவர் சிரிப்பு நின்ற இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் கூட்டத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்படித்தான் வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாசகரின் கோபம்

மேலே போவதற்குள் ஒரு கணக்கைத் தீர்க்க வேண்டும். தோவாளையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 'போன வாரம் சைக்கிளைத் திட்டினீர், அதற்கு முந்தின வாரம் கிராமபோனைத் திட்டினீர், உமக்கு இயந்திரம் என்றாலே ஆகாதா' என்று கேட்கிறார்.

ஐயா, இயந்திரத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதை வாங்கி வைத்துக்கொள்கிற ஆசாமிகளைப் பற்றித்தான் என் வருத்தம். அந்த ஆசாமிகளில் முதல் ஆள் நான்.

கோட்டாற்றில் எங்கள் கருப்பட்டி மண்டியில் ஒரு சுவர்க் கடிகாரம் உண்டு. அதை அப்பா எப்போதும் இருபது நிமிஷம் முன்னால் ஓடவிட்டிருப்பார். கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் அது தெரியும். எல்லோரும் மனசுக்குள் இருபதைக் கழித்துக்கொள்வார்கள். பள்ளி இறுதி வகுப்பு முடித்து வந்த மிடுக்கில் ஒருநாள் நான் அதைச் சரியான நேரத்துக்குத் திருத்தி வைத்தேன். பழக்கதோஷத்தில் எல்லோரும் அன்றைக்கும் இருபதைக் கழித்தார்கள். நாலு பேருக்கு பஸ் போயிற்று. ஒருவருக்குக் கோர்ட்டு வாய்தாவே போயிற்று. சரியான நேரம் காட்டும் கடிகாரத்தால் ஊருக்கு விளையும் கேடு என்னவென்று அன்று கண்டுகொண்டேன்.

அதற்குப் பிறகு டைப் மெஷின். என் யோசனைதான். அருமனையில் எங்களிடம் சரக்கெடுக்கும் ஒரு கடைக்காரருக்கு, ஓணத்துக்கு எத்தனை சிப்பம் கருப்பட்டி வேண்டும் என்று இங்கிலீஷில் அழகாக டைப் அடித்து அனுப்பினேன். மூன்றாம் நாள் அவர் ஒரு வக்கீல் குமாஸ்தாவையும் இரண்டு சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். டைப் அடித்த கடிதம் கோர்ட்டிலிருந்துதான் வரும் என்பது அவருடைய வாழ்நாள் அனுபவம். குமாஸ்தாவுக்கு நாங்கள்தான் காப்பி வாங்கிக் கொடுத்தோம்.

ஆகவே, தோவாளைக்காரரே, நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இயந்திரம் வந்து இறங்குகிற இடம் காலி மனை அல்ல. அங்கே ஏற்கெனவே ஆட்கள் பழக்கவழக்கங்களோடு குடியிருக்கிறார்கள். அவர்கள் லேசில் காலி பண்ண மாட்டார்கள்.

வாய் வேறு, கை வேறு

எங்கள் தெருவின் பெரிய பழக்கம் துண்டு. மாட்டுச் சந்தையில் பலரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் மண்டிகளில் கருப்பட்டிக்கும் புளிக்கும்கூட அதேதான். வாங்குகிறவரும் விற்கிறவரும் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இருவர் கைமேலும் போடுவார். உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார். நாலு விரலைச் சேர்த்துப் பிடித்தால் நாலு. அது நாலா, நாற்பதா, நானூறா என்பது பேச்சின் விஷயத்தைப் பொறுத்தது, பிடிக்கிறவர்களுக்குத் தெரியும்.

வெளியே வாய் பாட்டுக்கு மழையைப் பற்றியும், மருமகனைப் பற்றியும், வாய்வுத் தொல்லையைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். நடுநடுவே "இது", "அது வேண்டாம்", "இதுல பாதி" என்பார்கள். கடைசியில் "உறுதி" என்று ஒரு சொல். துண்டை உதறித் தோளில் போட்டால் முடிந்தது. சுற்றி நிற்கிற ஐம்பது பேருக்கும் விலை தெரியாது.

அப்பா இதில் பேர்போனவர். துண்டுக்குள் அவர் கை போனால் முகம் தூங்குகிறதுபோல் ஆகிவிடும். ஒரு எண்ணை வாயால் சொல்வது அவருக்குக் கூச்சமான காரியம். எனக்கு என்ன வயசு என்று யாராவது கேட்டால்கூட, "அவன் அம்மைகிட்ட கேளுங்க" என்று நழுவிவிடுவார்.

இந்த மனிதர் கடையில்தான் நான் டெலிபோனைக் கொண்டுவந்து வைத்தேன்.

பெட்டி வந்தது

முப்பதுகளின் பிற்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பேசலாம் என்று ஆகியிருந்தது. நான் மூன்று மாதம் அப்பாவை நச்சரித்தேன்.

"கண்ணால பாக்காத ஆளுகிட்ட என்னத்தலே பேசது?" என்றார்.

"வெல பேசலாம்லா அப்பா. பஸ்ஸுல போயி ஒரு நாளக் கெடுக்காண்டாம்."

"வெலயா? வாயாலயா?" என்று கேட்டார். நடுத்தெருவில் வேட்டியை அவிழ்க்கச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார்.

ஆனாலும் மகன் ஆசைப்படுகிறான் என்று வாங்கினார். சுவரில் மாட்டும் மரப்பெட்டி. பேசுவதற்குப் பெட்டியில் ஒரு குழல், கேட்பதற்கு இடது கையில் பிடித்துக்கொள்ள இன்னொன்று. அதைக் காதில் வைத்தால் குறுகுறுக்கிறது என்று ஒரு சாண் தள்ளியே பிடிப்பார். பேசுவதோ, தெருக்கோடி வரை கேட்கும். மறுமுனையில் பேசுவது எதிர்க்கடை மீரான் சாகிபுக்குக்கூடத் தெளிவாகக் கேட்கும். அவர் இருந்த இடத்திலிருந்தே உதவி செய்வார்.

"அண்ணாச்சி, அவரு வண்டி வந்துதான்னு கேக்காரு. நீங்க மழை பெய்யுதுன்னு சொல்லுதியோ!"

விலை? அதை மட்டும் கடைசிவரை பேசவில்லை. எண் வருகிற இடம் வந்ததும் அப்பா, "அது நாளைக்கு நேர்ல வந்து சொல்லுகேன்" என்று வைத்துவிடுவார். மறுநாள் காலை பஸ்ஸில் திருவனந்தபுரம் போவார். டெலிபோன் வந்த பிறகு அவர் பஸ்ஸில் போவது அதிகமாயிற்று. தெருவில் என்னைப் பார்த்தால், "எப்படி மக்கா, பெட்டி வேலை செய்யுதா?" என்று விசாரிப்பார்கள். அவர்கள் விசாரித்த தினுசு எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று நிமிஷம்

சாலைக் கடைத்தெரு முதலாளியும் பூர்வீகத்தில் நம் பக்கத்துக்காரர்தான். அப்பாவோடு வெகுகாலம் துண்டுக்குள் கை கோத்தவர். அந்தப் பழக்கத்தில்தான் அவருடைய மகளுக்கும் எனக்கும் சம்பந்தம் பேசினார்கள். பெண் பெயர் பகவதி. நிச்சயதாம்பூலம் வியாழக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கடையிலிருந்து போன் வந்தது. வெளியூர்ப் பேச்சுக்கு அந்நாளில் மூன்று நிமிஷம்தான் கணக்கு.

கடையில் நல்ல கூட்டம். வடசேரிச் சித்தப்பா வெற்றிலை போட்டுக்கொண்டு மேசையருகே உட்கார்ந்திருந்தார். மீரான் சாகிபு வழக்கம்போல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஆங், சுகந்தான். ஆமா, வியாழக்கிழமை காலைலேயே எறங்கிருவோம்" என்று அப்பா முழங்கினார். மறுமுனையிலிருந்து, "எத்தன பேரு வருவியோ?" என்ற கேள்வி எனக்கே கேட்டது.

அப்பா வாயைத் திறந்து மூடினார். சித்தப்பா வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார். இந்த இடத்தில் அப்பாவின் நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவர் மனசில் இருந்தது நாற்பது. அதை அங்கே சொன்னால், நின்றிருந்த ஒவ்வொருவனும் அந்த நாற்பதில் தான் உண்டா என்று விரல் விட்டு எண்ணுவான். இல்லாதவன் ஆயுசுக்கும் பேசமாட்டான்.

அப்போதுதான் அது நடந்தது. அப்பாவின் வலது கை தானாகத் தோளுக்குப் போயிற்று. துண்டு இறங்கி மேசைமேல் விழுந்தது. கை அதற்குள் நுழைந்தது. முகம் தூங்குகிறதுபோல் ஆயிற்று. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் தெரிந்தது, நாலு விரலும் சேர்ந்து மேசை விளிம்பை அழுத்தின.

"இது" என்றார் அப்பா.

கம்பி இரைந்தது. பிறகு மறுமுனை, "அது வேண்டாம், இது போரும்" என்றது.

அப்பா இன்னொரு முறை அழுத்தினார். "எங்களுக்கு இது இல்லாம முடியாது, பாத்துக்கிடுங்க."

"செரி, அப்பம் இதுவே."

"உறுதியா?"

"உறுதி!"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "ஏலே, நீ சொன்னது செரிதான். பெட்டி நல்ல பெட்டி" என்று என் முதுகில் தட்டினார். அந்தப் பெட்டியைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

நான் எழுதாத கார்டு

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். 'அப்பா, நீங்கள் பிடித்தது மேசையின் விரலை' என்று சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வது? எதிரே சித்தப்பா, தெருவுக்கு அப்பால் சாகிபு. சொன்னால் நாளை காலைக்குள் கோட்டாறு முழுக்கச் சிரிக்கும். அதில் பாதிச் சிரிப்பு பெட்டி வாங்கிவைத்த எனக்கு.

ராத்திரி யோசித்தேன், பெண் வீட்டுக்கு ஒரு கார்டு எழுதிப் போடலாமா என்று. ஆனால் மாப்பிள்ளைப் பிள்ளையே இத்தனை பேருக்கு இலை போடுங்கள் என்று எழுதுவது அழகா? அதோடு, மறுமுனையில் 'உறுதி' என்றாரே, நாற்பது என்று எப்படியாவது விளங்கியிருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவரும் அங்கே இதே காரியத்தைச் செய்துகொண்டிருப்பார் என்று என் படித்த மூளைக்கு எட்டவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் தபாலாபீஸ் வழியாகத்தான் போய்வந்தேன். கார்டு எழுதவில்லை.

மறக்கவில்லை, எழுதவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பத்து இலை

இனி சாலைக்குத் திரும்புவோம். மாடிக் கூடத்தில் பத்து இலை போட்டிருந்தது. இலை நுனியில் நேந்திரங்காய் வறுத்த உப்பேரி, ஓரத்தில் இஞ்சிக் கறி, எல்லாம் அழகாக வைத்திருந்தார்கள். இன்னும் தட்டு மாற்றவில்லை. சித்தப்பா இலைகளை ஒரு தடவை பார்த்தார். அவர் இத்தனை வருஷம் காத்திருந்த நாள் வந்துவிட்டது என்று முகம் சொல்லிற்று.

"என்னவோய், பத்து எலைதான் கெடக்கு? மிச்ச ஆளு பாயச வாசனைய மோந்துட்டு எந்திரிக்கணுமா?"

பெண்ணின் தகப்பனார் நடுங்கிவிட்டார். "பத்துன்னுல்லா பேச்சு..."

"பத்தா?" என்று அப்பா சீறினார். "நாப்பதுல்லா உறுதி பண்ணினோம்! நான் நாலு..."

"நீங்க நாலா? நான் ஒண்ணுல்லா..."

இரண்டு பேரும் அந்த இடத்தில் நின்றுவிட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அப்பாவின் வலது கை மெல்ல வேட்டி மடிப்புக்குள் ஒளிந்துகொண்டது. அவர் கையும் முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"நாலு என்ன, ஒண்ணு என்ன?" என்று சித்தப்பா விடவில்லை. "போன்ல பேசும்போ நானும் பக்கத்துலதான் இருந்தேன், ஒரு எண்ணும் காதுல விழல்லியே. யாரு சொன்னா? வாயத் தொறந்து சொல்லுங்களேன்."

இரண்டு பேரும் பேசவில்லை. எப்படிப் பேசுவார்கள்? ஒருவர் மேசையோடு விலை பேசினார், இன்னொருவர் எதோடு பேசினாரோ! கம்பி வழியாகக் கை தெரியாது என்று தெரியாத மண்டிக்காரன் என்ற பெயர் வந்தால், கோட்டாற்றிலிருந்து சாலைவரை எந்தக் கடை வாசலிலும் தலை நிமிர்ந்து நிற்க முடியாது. பேசாமல் இருந்தாலோ, சம்பந்தம் அந்த நிமிஷமே முறியும்.

"பாத்தியா, பதிலில்ல. மாப்பிள்ள வீட்டுக்காரன வேணும்னே கேவலப்படுத்துகாவ" என்றார் சித்தப்பா. "எல்லாரும் பஸ்ஸுல ஏறுங்க. ஏட்டி, தாம்பாளத்த எடு!"

சித்தி தாம்பாளத்தைத் தூக்கிவிட்டாள். பின்கட்டுக் கதவுக்கு அப்பால் வளையல் சத்தம் கேட்டது. கூடத்தில் நின்ற பெண்ணின் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அப்பாவைப் பார்க்கச் சகிக்கவில்லை. எந்தச் சந்தையிலும் குனியாத மனிதர் பத்து இலையின் முன்னால் தலை குனிந்து நின்றார்.

"தப்பு எம்மேல" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"போன்ல சத்தம் கேக்காது, நாப்பது பேருன்னு வெவரமா ஒரு கார்டு எழுதிப் போடுன்னு அப்பா அன்னைக்கே சொன்னாங்க. நான் மறந்துட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். கண்ணிமைக்கும் நேரம்தான். பிறகு எங்கள் கோட்டாறு மண்டிக்காரர் விழித்துக்கொண்டார்.

"அறிவுகெட்ட பயலே! படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லாலே! கார்டும் வாங்கிக் கையில தந்தேன்லா! ராத்திரி சாப்பிடும்போகூட 'எழுதுனியா மக்கா'ன்னு கேட்டேன்லா!"

"அதானே!" என்று பெண்ணின் தகப்பனாருக்கும் உயிர் வந்தது. "நானும் தபால்காரன தெனமும் கேட்டேன், கோட்டாத்து கார்டு வந்துதா, கோட்டாத்து கார்டு வந்துதான்னு. வரல்லியே, அப்பம் பத்துப் பேருதான்னு நெனச்சேன்."

ஐந்து நிமிஷத்துக்குள் இல்லாத அந்தக் கார்டுக்கு மை, கையெழுத்து, தபால் முத்திரை எல்லாம் வந்துவிட்டன. அப்பா என்னைத் திட்டிய திட்டில் நான் உண்மையிலேயே மறந்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. நாற்பது பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்ததும் கோபம் போயிற்று. சித்தப்பா மட்டும், "இவ்வளவு மறதியுள்ள பயலுக்குப் பொண்ணு குடுக்கணுமான்னு இனி அவங்கதான் யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

பெண்ணின் அம்மா பின்கட்டுக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. நாங்கள் காத்திருந்தோம். வெகுநேரம் ஆனதுபோல் எனக்குத் தோன்றியது. கதவு திறந்து, "தட்டு மாத்தலாம்" என்று வந்து சொன்னாள். கீழே கடையிலிருந்து அரிசி மூட்டை மாடிக்கு ஏறியது. எங்கள் வீட்டுப் பெண்கள் சேலையைச் செருகிக்கொண்டு அவர்கள் அடுக்களைக்குள் போய்விட்டார்கள். மூன்று மணிக்குப் பந்தி. ஒரு பருப்பு, ஒரு ரசம், ஒரு வெள்ளரிக்காய்ப் பச்சடி. இருந்த பாயசத்தை நாற்பது பேருக்கு நீட்டியதில் அது பானகம்போல் ஆகிவிட்டது.

பகவதி கும்பிட வந்தபோது ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கார்டு எழுத மறந்த மடையன் என்று பார்க்கிறாள் என நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறதி மாப்பிள்ளை

அதற்குப் பிறகு அந்த வீட்டில் என் பெயர் அதுதான். மாமனார் எந்த விஷயத்தையும் என்னிடம் மூன்று தடவை சொல்வார், பிறகு வேறொருவரிடம் சொல்லி எனக்கு ஞாபகப்படுத்தச் சொல்வார். மச்சினன்மார் என் துண்டில் முடிச்சுப் போட்டு அனுப்புவார்கள். இத்தனைக்கும் பள்ளிக்கூட நாளில் நான் வாங்கிய பேனாவின் மூடி எங்கே விழுந்தது என்பதுகூட எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. வாராவாரம் நினைவுகளை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வீட்டில் மறதிக்காரன் என்று பெயர்!

அப்பா அந்த வியாழக்கிழமையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு டெலிபோன் மணி அடித்தால், முதலில் தோளிலிருந்து துண்டை எடுத்து என் கையில் கொடுப்பார். பிறகுதான் போய்ப் பேசுவார். எண்களை வாயால் சொன்னார், உரக்கச் சொன்னார். பேசி முடித்துத் துண்டை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். அவர் எனக்கு நன்றி சொன்னது அப்படித்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் என் மகன் இந்த வீட்டிலும் ஒரு டெலிபோன் கொண்டுவந்து வைத்தான். அவனும் பள்ளிக்கூடம் படித்தவன்தானே. முதல் போன் மருமகனிடமிருந்து. பேத்திக்குக் காது குத்து, எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்டார். நான் பதில் சொல்லும்போது அடுக்களைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தால், பகவதி அரிவாள்மணையைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறாள்.

"எங்கப்பாவ நெனச்சேன்" என்றாள். "அன்னைக்கு நான் மாடிப்படியில நிண்ணு பாத்தேன்லா. அரிசி மூட்ட மேல துண்டப் போட்டு, உள்ள ஒத்த விரல வச்சு அழுத்துகாரு. அழுத்திட்டு 'இது போரும்'னு போன்ல சொல்லுகாரு."

அடுக்களைப் படியிலேயே உட்கார்ந்தேன்.

"உனக்குத் தெரியுமா? தெரிஞ்சும் ஏன் சொல்லல்ல?"

"என்னத்துக்குச் சொல்லணும்? நான் வாத்தியாரம்மா படிப்பு படிக்கணும்னு அழுதுகிட்டுக் கெடந்தேன். யாரு கேட்டா? ஆளு கூட வரட்டும், சோறு கொறையட்டும், சண்ட போட்டுட்டுப் போவட்டும்னு இருந்தேன். தட்டு மாத்துகதுக்கு முன்ன அம்மை வந்து கேக்கும்போ வேண்டாம்னு சொல்லணும்னும் வச்சிருந்தேன்."

இத்தனை வருஷம் கழித்து, நாலு பிள்ளை பெற்ற பிறகு, என் கல்யாணம் நின்றுபோக இருந்த செய்தியை வெண்டைக்காய் நறுக்குகிற இடத்தில் வைத்துத் தெரிந்துகொண்டேன்.

"பின்ன எதுக்கு சம்மதிச்ச?"

"நீங்க கார்டு எழுத மறந்துட்டேன்னு சொன்னியள்ளா?"

"சொன்னேன்."

"எங்கப்பா மூட்டையப் பிடிச்சத நான் பாத்திருக்கேன். உங்கப்பா நாலுன்னு சொல்லி முழுங்குனதும் கதவுக்குப் பொறத்தால கேட்டுது. அப்பம் நீங்க சொல்லுகது பச்சப் பொய்யின்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு கெழவனுக்க மானத்தையும் எடுத்துத் தன் தலையில வச்சுக்கிட்டு, நாப்பது பேரு சிரிக்க நிக்கான் ஒருத்தன். அம்மை வந்து கேட்டா. செரின்னு சொல்லிட்டேன்."

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதன் பின்னாலேயே கோபமும் வந்தது.

"எல்லாம் தெரிஞ்சவ, பின்ன எதுக்கு இத்தன வருசமா ஊரு கேக்க, பிள்ளைக கேக்க, என்ன மறதிக்காரன், மறதிக்காரன்னு சொன்ன?"

பகவதி அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு மீதி வெண்டைக்காயை எடுத்தாள்.

"நல்லா இருக்கே! நீங்க சொன்ன பொய்ய நான் காப்பாத்தாண்டாமா?"

பிறகு பையை எடுத்து என் கையில் கொடுத்தாள். கடுகு, உளுந்து, ஒரு கட்டுக் கருவேப்பிலை என்றாள். அடுத்த வீட்டு அம்மாள் மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பகவதி குரலை உயர்த்தினாள்.

"எங்க, ஒருக்க திருப்பிச் சொல்லுங்கோ பாப்போம். மறந்திருவியோ!"

நான் சொன்னேன். கடுகு, உளுந்து என்று மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொல்லி, கருவேப்பிலையை விட்டுவிட்டேன்.